எனக்கு நானே போட்ட ஈரக்கழிவு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை நாளில் யாருடைய கொழுந்தும் முழு எடை பெறுவதில்லை. ஒரு சாக்கு தராசில் இருபத்தைந்து கிலோ நின்றால் நான் புத்தகத்தில் இருபத்து மூன்று என்று எழுதுவேன். இலையோடு ஒட்டிக்கொண்டு வந்த தண்ணீருக்கு இரண்டு கிலோ கழிவு. அதற்கு ஈரக்கழிவு என்று பெயர். எனக்கு முன்னால் கணக்கு எழுதிய கிராணி அப்படித்தான் எழுதினார், நானும் இருபத்திரண்டு வருடமாக அப்படியே எழுதுகிறேன். மலேசியாவின் கேமரன் மலையில் மழை பெய்யாத பிற்பகல் குறைவு என்பதால் கழிவும் குறைவில்லாமல் நடக்கும்.

கொழுந்து வெட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் நேப்பாளத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் ஒவ்வொரு மழை நாளும் தன் சாக்கைத் தராசில் வைத்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்.

"கெரிங் லா, காக்."

மலாயில், காய்ந்துதான் இருக்கிறது அக்கா என்று அர்த்தம். நான் பேனாவால் வெளியே கொட்டுகிற மழையைக் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அது எங்களுக்குள் வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. அவர் சொல்வது உண்மையா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

இந்தக் கழிவு ஒரு நாள் என் படிப்பையே கவிழ்க்கப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பட்டப்படிப்பில் சேர்ந்தது அறிவு தாகத்தால் இல்லை, கோபத்தால். சில வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துக்கு ஓர் உதவி மேனேஜர் வந்தார். இருபத்தைந்து வயது, நல்ல பையன், மரியாதை தெரிந்தவர். எந்த பீல்டில் எப்போது கவாத்து வெட்டுவது, எந்தச் சரிவில் லாரி ஏறாது என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் தயாரித்த கவாத்து அட்டவணையில் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். நான் ஏன் போடக்கூடாது என்று கேட்டேன். பட்டம் இருந்தால்தான் போடலாம் என்றார்கள். அன்று சாயங்காலமே பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பள்ளியில் ஐந்தாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள், நாற்பத்தொரு வயதில் தோட்ட நிர்வாகம் படிக்கும் மாணவியானேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கணினி வழியாக. எங்கள் லயத்து வீட்டில் இணையம் ஒரு நாள் வரும், நாலு நாள் வராது. அதனால் காரை எடுத்துக்கொண்டு தானா ராத்தா டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசைக்குப் போய்விடுவேன். ஸ்ட்ராபெரி வாங்க வந்த சுற்றுலாக் கூட்டத்தில் சாலை அடைத்துக்கொண்டால் பாதி வகுப்பு காருக்குள்ளேயே முடியும். என் மகளும் அப்போது மலைக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வருடம் முடிப்பதாக இருந்தது. யார் முதலில் அந்தக் கறுப்பு அங்கியைப் போடுவது என்று எங்களுக்குள் பந்தயம். தோற்றவர் ஜெயித்தவரின் புகைப்படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும்.

கடைசிப் பருவத்தில் வேலையிடப் பயிற்சி என்று ஒரு பாடம். வேலை செய்யும் இடத்திலேயே படித்ததைச் செய்து காட்ட வேண்டும். இதற்குப் பரீட்சை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது. அதில் எட்டு கற்றல் விளைவுகள். இந்தப் பாடத்தை முடிக்கிறவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எட்டு வரிகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். எத்தனை என்று மாணவரே போட வேண்டும். பிறகு மேலதிகாரி, அதாவது எங்கள் மேனேஜர், தன் பங்குக்குப் போடுவார். அவர் போட்டதன் சராசரி மூன்றுக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை, அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு நானே மார்க் போடுவதா? திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். மகளுக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் எங்களுக்கு எல்லா செமஸ்டரும் உண்டும்மா. நான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டேன்."

"வெக்கமா இல்லையாடி?"

"தெரியும்னா தெரியும்னு போடறதுக்கு என்னம்மா வெக்கம்? ஆதாரமும் சேத்துத்தான் அனுப்புனேன் லா."

அவள் தலைமுறைக்கு அது எளிது. எனக்கு இல்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். மனசாட்சிப்படி முதல் ஏழுக்கும் நாலு போட்டேன். கடைசி விளைவு, தொழிலாளர்களின் வேலையை நியாயமாக மதிப்பிடுவது. அதற்கு மட்டும் தயங்காமல் ஐந்து. தராசுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவளுக்கு அதில் என்ன சந்தேகம்?

என் கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே போகும் லாரி ஓட்டுகிறார். சாப்பிட உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்தார்.

"நாலு நாலா போட்டிருக்க. துரை பாத்தா என்ன நெனப்பாரு?"

அது ஒரு வார்த்தைதான். ரப்பரை எடுத்தேன். துரை என்ன நினைப்பார் என்பதற்கு ஒன்று கழித்தேன். தானே தன்னை மெச்சிக்கொள்கிறாள் என்று விரிவுரையாளர் நினைத்துவிடக்கூடாதே, அதற்கு இன்னொன்று கழித்தேன். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். கடைசியில் வரிசையாக எல்லாம் இரண்டு. எட்டாவது மட்டும் மூன்று. அதில் அதற்கு மேல் கைவைக்க மனம் வரவில்லை. எவ்வளவு அடக்கமான பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு படிவத்தை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் துரை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆனாலும் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் துரைதான். எங்கள் துரை தமிழர், பொறுமையானவர், ஆனால் ஒரு பழக்கம் உண்டு. கீழேயிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அதிலிருந்து கொஞ்சம் வெட்டுவார். பத்து மூட்டை உரம் கேட்டால் ஒன்பது. நாலு நாள் லீவு கேட்டால் மூன்று. இது எல்லாருக்கும் தெரியும், அதனால் நாங்களும் தேவைக்கு மேல் ஒன்று கூட்டியே கேட்போம். இப்படிக் கூட்டியும் வெட்டியும் தோட்டம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அந்தப் படிவத்தில் மட்டும்தான் நான் கூட்டாமல் விட்டேன்.

துரை தன் மதிப்பீட்டை நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து எனக்கு முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை. துரை வரிசையாக ஒன்று போட்டிருந்தார். எட்டாவதுக்கு மட்டும் இரண்டு.

நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த உதவி மேனேஜர் வருடக் கடைசியில் வேறு தோட்டத்துக்கு மாறிப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். பட்டம் கையில் இருந்தால் அந்த இடத்துக்கு நான் மனுப் போடலாம். ஒரு வருடம் தள்ளிப்போனால் அங்கே இன்னொரு இருபத்தைந்து வயது வந்து உட்கார்ந்துவிடும், அவருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் விரிவுரையாளரே போன் செய்தார். மலாய்க்காரப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், பேச்சில் நயம் இருக்கும், ஆனால் விதியில் பிடிவாதம். நான் எழுதி அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, படிவத்தில் இருக்கிற பெண் வேறு யாரோ போல இருக்கிறாள் என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். நானும் மேனேஜரும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். ஒவ்வொரு விளைவுக்கும் நான் வாய்விட்டு ஒரு எண் சொல்ல வேண்டும், ஆதாரத்தை மேசையில் வைக்க வேண்டும், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் புதுப் படிவம் அனுப்பலாம். இரண்டு வாரத்துக்குள்.

"கூட்டிப் போட்டாலும் ஆதாரம் வேணும் காக், குறைச்சுப் போட்டாலும் ஆதாரம் வேணும்" என்று மலாயில் சொன்னார். "அடக்கத்துக்கு இங்கே கட்டம் இல்லை."

சனிக்கிழமை காலை துரையின் அறைக்குப் போனேன். வழக்கமாக நின்றுகொண்டே பேசிவிட்டு வருகிற அறை. அன்று விதிப்படி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சார், எனக்கு ஏன் ஒண்ணு ஒண்ணா போட்டீங்க?"

அவர் உண்மையாகவே திகைத்தார். "கிராணியம்மா, நீங்க ரெண்டு போட்டிருந்தீங்க. எல்லாரும் ஒண்ணு கூட்டித்தான போடுவீங்க? நான் அந்த ஒண்ணக் கழிச்சேன்."

"நான் கூட்டல சார். ஏற்கெனவே ரெண்டு கழிச்சுத்தான் போட்டேன்."

"எதுக்குக் கழிச்சீங்க?"

"ஈரத்துக்கு" என்றேன்.

துரை சிரித்தார். கையிலிருந்த தேநீர் சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து உதவி மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் போனார்.

சிரிப்பு அடங்கியதும் வேலையைத் தொடங்கினோம். முதல் விளைவு, வருடாந்திரக் கவாத்துத் திட்டம் போடுவது. கடந்த மூன்று வருட அட்டவணைகளை மேசையில் வைத்தேன்.

"இத போட்டது யாரு சார்?"

"நீங்கதான். கீழ இருக்கறது எங்க கையெழுத்து மட்டுந்தான்."

"அப்ப எத்தனை சார்?"

"அத நீங்கதான் சொல்லணும். அதான் ரூல்ஸாம்."

ஊரில் எவளைப் பற்றியும் நறுக்கென்று சொல்லிவிடுகிற வாய் இது. என்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணைச் சொல்ல வரவில்லை. துரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாலு" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அவர் எழுதினார். வெட்டவில்லை. நாலு என்பதை நாலு என்றே எழுதினார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இரண்டாவதுக்கும் நாலு. மூன்றாவதுக்கு வந்தபோது துணிச்சல் கூடி ஐந்து கேட்டேன். ஆதாரம் எங்கே என்றார், தேடினேன், இருந்தது நாலுக்குத்தான் போதுமாக இருந்தது. நாலாவது, விளைச்சல் கணக்கைக் கணினியில் அலசுவது. அதில் பாதியை மகள் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன் என்று ஒத்துக்கொண்டு மூன்று வாங்கினேன். ஐந்தாவது, கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசுவது. இரண்டு என்றேன். துரை ஆதாரம்கூடக் கேட்காமல் வேகமாக எழுதிக்கொண்டார், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாவதுக்கு மூன்று.

ஏழாவது விளைவு இப்படி இருந்தது: மாணவர் தன் கற்றலைத் தானே சரியாக மதிப்பிடுவார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டு" என்றேன்.

"ஆதாரம்?"

பழைய படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அதைவிடப் பெரிய ஆதாரம் இந்த மலையில் கிடையாது. துரை அதைத் திருப்பிப் பார்த்து, "இதுல எனக்கும் பங்கு இருக்கு" என்று சொல்லித் தலையைச் சொறிந்தார்.

நான் கிராணி, எண்களைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க முடியாது. ஏழையும் மனதுக்குள் கூட்டினேன். இருபத்திரண்டு. தேர்ச்சிக்கு இருபத்து நாலு வேண்டும். மீதி ஒன்றுதான், அதுவும் என் தராசு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடைப் புத்தகங்களைத் தூக்கி வைத்தேன். இதில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து என்பதுதான் என் திட்டம்.

துரை புத்தகத்தைப் புரட்டினார். மழை நாள் பக்கங்களில் கொஞ்ச நேரம் நின்றார்.

"எல்லாச் சாக்குக்கும் ரெண்டு கிலோவா?"

"மழைன்னா ரெண்டு சார்."

"சாக்கத் தொட்டுப் பாப்பீங்களா?"

அவர் குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காதுக்குள் வேறு ஒரு குரல்தான் கேட்டது. கெரிங் லா, காக். எத்தனை மழைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் அந்த மனிதர்! நான் பேனாவால் வானத்தைக் காட்டினேனே தவிர, ஒரு அடி எடுத்து வைத்துச் சாக்குக்குள் கைவிடவில்லை. துரை என் வேலையைப் பார்க்காமலே ஒன்று வெட்டினார் என்று அழுதேன். நான் இருபத்திரண்டு வருடமாக அதையே செய்துகொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

"இல்ல சார்" என்றேன். "தொட்டுப் பாத்ததில்ல."

துரை புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு அவர், "மூணு போட்டுக்கலாமே கிராணியம்மா" என்றார். அவர் எதிலும் கூட்டிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆதாரம் இல்ல சார்."

ஒன்றா இரண்டா என்பதுதான் கேள்வி. ஒன்று என்றால் ஒரு வருடம் போச்சு. யோசித்தேன். தினமும் ஒவ்வொரு ஆளின் சாக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி கொழுந்து எடுத்து, மேசையில் பரப்பி, இளசையும் முற்றலையும் பிரித்துப் பார்த்துத்தான் தரம் எழுதுகிறேன். அதற்குப் புத்தகத்தில் ஆதாரம் இருக்கிறது. அது சரியாக நடக்கிறது. எடையில்தான் கோட்டை விட்டேன். பாதி சரி, பாதி தப்பு.

"ரெண்டு" என்றேன்.

மொத்தம் இருபத்து நாலு. சராசரி மூன்று, ஒரு இலைகூட மிச்சமில்லை. தேர்ச்சிக்காகத்தான் இரண்டு என்றேனா என்று பிறகும் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பாதிப் புத்தகம் நேர்மையாக எழுதியிருந்தேன் என்பதால்தான் என்றுதான் நினைக்கிறேன். படிவத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: இந்த விளைவில் உங்கள் நிலையை உயர்த்த என்ன செய்வீர்கள்? மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதுவார்களாம். நான் எழுதியது, சாக்கைத் தொட்டுப் பார்ப்பேன்.

புதுப் படிவத்தை விரிவுரையாளர் ஏற்றுக்கொண்டார். தேர்ச்சி வந்தது. மகளின் பட்டமளிப்பு விழா என்னுடையதைவிட மூன்று வாரம் முந்திவிட்டது, ஆகவே பந்தயத்தில் நான்தான் தோற்றேன். அங்கியில் அவள் சிரிக்கிற படம் இப்போது எங்கள் கூடத்தில் பெரிய சட்டத்துக்குள் தொங்குகிறது, பக்கத்தில் கொஞ்சம் சின்னதாக நான். உதவி மேனேஜர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். மனுவில் என் திறமைகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். எதையும் கழிக்காமல் எழுதினேன். என் கணவர் எட்டிப் பார்க்க வந்தார், காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது, படிவம் அனுப்பிய அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. நிறுவைக் கொட்டகையில் வரிசை நின்றது. நேப்பாளக்காரர் முதல் சாக்கைத் தராசில் வைத்தார். முள் இருபத்து நாலில் நின்றது.

"கெரிங் லா, காக்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் திரும்பினார்.

நான் மேசையைச் சுற்றி வந்தேன். சாக்கின் வாயை அவிழ்த்து முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். இலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மழைக்கு முன்பே வெட்டி, தார்ப்பாய்க்கு அடியில் வைத்து மூடிக் கொண்டுவந்திருக்கிறார். எத்தனை நாள் அப்படி மூடிக் கொண்டுவந்தாரோ! உள்ளேயிருந்து கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

புத்தகத்தில் இருபத்து நாலு என்று எழுதி அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. போய் இரண்டாவது சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைத்தார். நான் அவிழ்க்கக் குனிந்தேன். அதற்குள் அவர் சாக்கின் மேல் கையை வைத்துத் தடுத்தார்.

"பாசா லா, காக். போத்தோங் டுவா" என்றார். நனைந்திருக்கிறது அக்கா, ரெண்டு கழித்துக்கொள்ளுங்கள்.

தொட்டுப் பார்த்தேன். நனைந்துதான் இருந்தது. அவர் சொன்ன இரண்டைக் கழித்து எழுதினேன்.